சென்னை மின்சார ரயில்: ஏறுவதும் இறங்குவதும் புகார் கொடுப்பதும்

சென்னையில் வேலை கிடைத்து, தாம்பரத்துக்கு அப்பாலோ ஆவடிப் பக்கமோ வீடு பார்த்துக் குடிவந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுத் தரகர் "ஸ்டேஷனுக்குப் பத்தே நிமிடம்" என்று சொல்லியிருப்பார். அது யாருடைய கால்களுக்கான கணக்கு என்பது போகப்போகத் தெரியும். ஆனாலும் அவர் ரயிலைக் காட்டி வீட்டைத் தள்ளிவிட்டதில் நியாயம் இருக்கிறது. டிக்கெட் ஐந்து ரூபாயில் தொடங்குகிறது. பெண்களுக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்தை விட்டுவிட்டால், இந்த ஊரில் இதைவிட மலிவாக முப்பது கிலோமீட்டர் போக வேறு வழியே கிடையாது.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ரயில் பழகியவர்களை நம்பி ஓடுகிறது. எந்த வண்டி எங்கே நிற்காது, எந்தப் பெட்டியில் ஏறினால் அபராதம், ஞாயிற்றுக்கிழமை ஏன் நடைமேடை வெறிச்சோடிக் கிடக்கிறது என்பதையெல்லாம் உங்களைக் கூப்பிட்டு யாரும் சொல்லமாட்டார்கள். தினமும் போகிறவர்களுக்கு அது தானாகத் தெரியும், அவ்வளவுதான். அவர்களுக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில்: உங்கள் தடம் எது?

புறநகர் மின்சார ரயில்களை இயக்குவது தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம். மெட்ரோ ரயில் வேறு நிறுவனம், வேறு டிக்கெட், வேறு புகார் எண். இந்த வேறுபாட்டை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

தடங்கள் நான்கு. தெற்குத் தடம் சென்னை கடற்கரையில் புறப்பட்டு எழும்பூர், மாம்பலம், கிண்டி, தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு போகிறது. சில வண்டிகள் அதையும் தாண்டிக் காஞ்சிபுரம் பக்கம் போகும். மேற்குத் தடம் சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்திலிருந்து பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம் போகிறது. வடக்குத் தடம் எண்ணூர், கும்மிடிப்பூண்டி வழியாக ஆந்திர எல்லையைத் தாண்டிச் சூலூர்பேட்டை வரை. நான்காவது, ஊர்மக்கள் பறக்கும் ரயில் என்று அழைக்கும் கடற்கரை–வேளச்சேரி தடம். பெயரைக் கேட்டு வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பாலான தூரம் தூண்களின் மேல் போவதால் அந்தப் பெயர். 1995இல் சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி, 2007இல்தான் வேளச்சேரியை எட்டியது.

இவற்றில் மூத்தது தெற்குத் தடம். கடற்கரை–தாம்பரம் இடையே 1931இலேயே மின்சார ரயில் ஓடியது. மீட்டர் கேஜ் என்னும் குறுகிய பாதையில் ஓடிய வண்டிகள் 2004 வரை இருந்தன. நிலையங்கள் ஒன்றுக்கொன்று இவ்வளவு நெருக்கமாக இருப்பதும், கடைத்தெருக்கள் நிலையத்து வாசலிலேயே தொடங்குவதும் இந்த வயதின் அடையாளங்கள். தி.நகர் ரங்கநாதன் தெருவுக்கு மாம்பலம் நிலையத்தில் இறங்கினால் போதும், நீங்கள் நடக்கவே தேவையில்லை. கூட்டம் உங்களைக் கொண்டுபோய் விட்டுவிடும். கூட்டம் வேண்டாம் என்பவர்களுக்காக, நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 2023 மே மாதம் ஆகாய நடைபாதை ஒன்றைத் திறந்தார்கள். பேருந்து பிடிக்க வேண்டும் என்றால் அதில் போங்கள்.

பெயர்கள் செய்யும் குழப்பம்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

"சென்னை கடற்கரை" நிலையத்தில் இறங்கினால் மெரினா வராது. அது ராஜாஜி சாலையில், பாரிமுனைக்கு அருகில், துறைமுகத்தை ஒட்டி இருக்கிறது. மெரினாவுக்குப் போக வேண்டும் என்றால் பறக்கும் ரயிலில் ஏறித் திருவல்லிக்கேணியிலோ கலங்கரை விளக்கத்திலோ இறங்கிக் கிழக்கே நடக்க வேண்டும். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழந்தைகளோடு கடற்கரை நிலையத்து வாசலில் நின்று அலையைத் தேடுகிறவர்களை இன்றும் பார்க்கலாம்.

"சென்ட்ரல்" என்ற பெயரில் புறநகர்த் தெற்குத் தடத்தில் நிலையம் கிடையாது. தாம்பரத்திலிருந்து வந்து சென்ட்ரலில் வெளியூர் ரயில் பிடிக்க வேண்டியவர் இறங்க வேண்டியது "பூங்கா" நிலையத்தில். அங்கிருந்து சுரங்கப்பாதை வழியாகச் சாலையைக் கடந்தால் சென்ட்ரல். பறக்கும் ரயிலில் வந்தால் இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் "பூங்கா நகர்". இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் தனித்தனி நிலையங்கள், தனித்தனி நடைமேடைகள். ஆவடி, அம்பத்தூர் போக வேண்டும் என்றால் இவை இரண்டையும் விட்டு, சென்ட்ரலின் பிரதானக் கட்டடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மூர் மார்க்கெட் வளாகத்துக்குப் போக வேண்டும். வெளியூர் ரயில்கள் நிற்கும் நடைமேடைகளில் தேடிக்கொண்டிருந்தால் லோக்கல் போய்விடும்.

மேற்குத் தடத்தில் பெரம்பூர் என்ற பெயரை மூன்று நிலையங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன: பெரம்பூர், பெரம்பூர் கேரேஜ், பெரம்பூர் லோகோ. பட்டாபிராமிலும் இப்படி ஒரு பொறி உண்டு. "பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்" என்று பலகை போட்டு வரும் வண்டி பிரதானப் பாதையை விட்டுப் பிரிந்து அங்கேயே முடிந்துவிடும். திருநின்றவூர், திருவள்ளூர் போகிறவர்கள் அதில் ஏறினால், ஆவடியிலோ இந்து கல்லூரியிலோ இறங்கி அடுத்த வண்டிக்கு நிற்க வேண்டியதுதான். தெற்கில் தாம்பரமும் தாம்பரம் சானடோரியமும் அடுத்தடுத்த நிலையங்கள். முகவரி கேட்கும்போது எது என்று தெளிவாகக் கேளுங்கள்.

விமான நிலையத்துக்குத் திரிசூலம். மீனம்பாக்கம் என்று ஒரு நிலையம் இருக்கிறதே என்று அங்கே பெட்டியோடு இறங்காதீர்கள். மகேந்திரா சிட்டிக்குப் பரனூர், டைடல் பார்க்குக்குப் பறக்கும் ரயிலின் திருவான்மியூர். மெட்ரோவுக்கு மாற எழும்பூர், கிண்டி, பரங்கிமலை ஆகிய மூன்றும் வசதி.

டிக்கெட்

கவுன்ட்டரில் நின்று வாங்கலாம். தானியங்கி இயந்திரத்தில் வாங்கலாம். பல நிலையங்களில் இயந்திரத்துக்கு அருகில் ஒருவர் நின்று எடுத்துத் தருவார். தினமும் போகிறவர்கள் பெரும்பாலும் போனில் எடுக்கிறார்கள். ரயில்வேயின் "ரயில்ஒன்" செயலி 2025 ஜூலையில் வந்தது. முன்பதிவில்லா டிக்கெட், சீசன், புகார் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கின்றன. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றையும் இணைத்து 2025 செப்டம்பரில் வெளியான "சென்னை ஒன்" செயலியும் உண்டு. மாறி மாறிப் பயணம் செய்பவர்களுக்கு அது தோதுப்படும்.

போன் டிக்கெட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. நடைமேடைக்கு வந்த பிறகு, அல்லது பரிசோதகரைத் தொலைவில் பார்த்த பிறகு, டிக்கெட் எடுக்கும் சாமர்த்தியத்தைத் தடுக்க, நிலையத்துக்குள்ளும் தண்டவாளத்தை ஒட்டியும் நின்றால் காகிதமில்லா டிக்கெட் எடுக்க முடியாதபடி செய்திருக்கிறார்கள். ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள். மறந்து உள்ளே வந்துவிட்டால், சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எடுக்கலாம். டிக்கெட்டைச் செயலிக்குள் திறந்து காட்ட வேண்டும். திரையைப் படம் பிடித்து வைத்துக் காட்டினால் செல்லாது. போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்ற காரணமும் செல்லாது. எந்த வகை டிக்கெட் ஆனாலும், எவ்வளவு நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும் என்ற வரம்பு இருக்கும். காலையில் எடுத்து மாலையில் பயன்படுத்தும் சரக்கு இல்லை அது.

தினமும் போகிறவர் தயங்காமல் சீசன் எடுங்கள். மாதம் முழுக்கத் தனித்தனி டிக்கெட் எடுப்பதில் பாதிச் செலவுகூட ஆகாது. காலாண்டுச் சீசனின் விலை மாதச் சீசனைப் போல 2.7 மடங்கு, அரையாண்டுக்கு 5.4 மடங்கு, ஓராண்டுக்கு 10.8 மடங்கு. அதாவது நீண்ட சீசனில் பத்து சதவீதம் மிச்சம். பெரிய மிச்சம் இல்லைதான். ஆனால் மாத முதல் வாரத்தில் கவுன்ட்டர் வரிசையில் நிற்கும் தொல்லை ஒழியும். படிக்கும் பிள்ளைகளுக்குச் சலுகைச் சீசன் உண்டு. கல்லூரியில் சான்று வாங்க வேண்டும்.

டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் அபராதம். இதில் திருட்டுப் பயணம் செய்பவரைவிடப் பாவம், டிக்கெட் வைத்துக்கொண்டே மாட்டுகிறவர். அப்படி மாட்டும் வழிகள் மூன்று. முதலாவது, முதல் வகுப்பில் ஏறிவிடுவது. மின்சார ரயிலின் முதல் வகுப்பு ஏதோ தனி உலகம்போல இருக்கும் என்று நினைக்க வேண்டாம். இருக்கையில் மெத்தை இருக்கும், கூட்டம் குறைவாக இருக்கும். அவசரத்தில் ஏறுகிறவர் கண்ணில் கதவுக்கு அருகே எழுதியிருப்பது படாது. நெரிசல் நேரத்தில் ஒரு பெட்டி மட்டும் காலியாக வந்து நின்றால் சந்தேகப்படுங்கள். இரண்டாவது, தாம்பரத்தில் வந்து நிற்கும் எக்ஸ்பிரஸில் லோக்கல் டிக்கெட்டோடு ஏறி எழும்பூர் போவது. மூன்றாவது, ஏசி வண்டி. அதற்குத் தனி டிக்கெட்.

எந்த வண்டி, எந்தப் பெட்டி

அதிகாலை நான்கு மணியளவில் தொடங்கி நள்ளிரவு வரை வண்டிகள் உண்டு. வண்டியின் நெற்றியில் போகும் ஊர் எழுதியிருக்கும். தாம்பரத்துக்கு அப்பால் குடியிருப்பவர்கள் "தாம்பரம்" பலகை போட்ட வண்டியில் ஏறினால் தாம்பரத்தில் இறங்கி மாற வேண்டியிருக்கும். சில நேரம் அதுவே நல்லது. தாம்பரம் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும், செங்கல்பட்டு வண்டியில் நிற்கவே இடம் இருக்காது.

விரைவு லோக்கலில் கவனம் தேவை. இடைநிலையங்களை விட்டுவிட்டுப் போகும் இந்த வண்டிகள், தூரத்துக்குப் போகிறவர்களுக்கு வரம். கோடம்பாக்கத்திலோ கொரட்டூரிலோ இறங்க வேண்டியவருக்கு வீண் அலைச்சல். ஏறும் முன் பக்கத்தில் நிற்பவரிடம் "சார், இது எல்லா ஸ்டேஷனிலும் நிற்குமா?" என்று கேட்டுவிடுங்கள். பலகையைவிட, அறிவிப்பைவிட, அந்தப் பக்கத்துப் பயணியே நம்பகமானவர். கூச்சப்பட வேண்டியதில்லை, பத்து வருடமாகப் போகிறவர்களும் இதைக் கேட்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் குறைவு. பொங்கல், தீபாவளி போன்ற விடுமுறை நாட்களிலும் ஞாயிறு அட்டவணைப்படி ஓடும் என்று அறிவித்துவிடுவார்கள். தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில மணி நேரம் வண்டிகளை நிறுத்துவதும் பெரும்பாலும் விடுமுறை நாள் பகலிலும் பின்னிரவிலும்தான். அறிவிப்பு ஓரிரு நாள் முன்னதாகச் செய்தித்தாளிலும் ரயில்வேயின் சமூக ஊடகப் பக்கங்களிலும் வரும். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகும் ரயிலைப் பிடிக்க லோக்கலை நம்பிக் கிளம்புகிறவர், முந்தைய நாள் இரவே இதைப் பார்த்துவிட வேண்டும்.

பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறக்கூடாது. ரயில்வே சட்டத்தின் 162ஆம் பிரிவின்படி அது குற்றம். அம்மாவோடு வரும் 12 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு மட்டும் விலக்கு. நடைமேடையில் பெண்கள் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்பதை ஒருமுறை குறித்துக்கொண்டால் போதும். ஆனால் 9 பெட்டி வண்டியும் 12 பெட்டி வண்டியும் வந்து நிற்கும் இடம் வேறுபடும். நடைமேடையின் கடைக்கோடியில் நின்றுகொண்டிருந்தால், குட்டை வண்டி உங்களைத் தாண்டி நிற்கும். பிறகு ஓட வேண்டும்.

காலையில் நகரை நோக்கி, மாலையில் வெளியே என்பதுதான் பொதுவான கூட்டத் திசை. பொத்தேரி, காட்டாங்கொளத்தூர் கல்லூரிகள் இதை மாற்றிவிட்டன. காலையில் செங்கல்பட்டுப் பக்கம் போகும் வண்டியிலும் மாணவர் கூட்டம் நிறைந்திருக்கும். கிண்டியிலும் மாம்பலத்திலும் பெருங்கூட்டம் இறங்கும். அங்கே இறங்க வேண்டியவர் ஒரு நிலையம் முன்பே கதவுப் பக்கம் நகர ஆரம்பிக்க வேண்டும். "இறங்கணும், இறங்கணும்" என்று கடைசி நொடியில் குரல் கொடுத்தால், ஏறுகிறவர்கள் உங்களையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடுவார்கள்.

படியில் தொங்குவதைப் பற்றி உபதேசம் செய்யப் போவதில்லை, ஒரு சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். 2018 ஜூலை 24 காலை மின்கம்பி அறுந்து புறநகர்ப் பாதை தடைபட்டதால், லோக்கல் வண்டிகளைப் பக்கத்து விரைவுப் பாதையில் திருப்பிவிட்டார்கள். தாமதத்தால் கூட்டம் பிதுங்கியது. பரங்கிமலையில் அந்தப் பாதையை ஒட்டி இருந்த கான்கிரீட் தடுப்பில், படியில் தொங்கி வந்தவர்கள் மோதினார்கள். குறைந்தது நான்கு பேர் இறந்தார்கள். தினமும் தொங்கிப் பழகியவர்கள்தான். அவர்கள் பழகியிருந்தது வேறு பாதைக்கு. வண்டி எந்தப் பாதையில் போகும் என்பதைத் தொங்குகிறவர் தீர்மானிப்பதில்லை.

கதவருகே நின்று போன் பார்ப்பதையும் தவிருங்கள். வண்டி நகரத் தொடங்கும் நேரத்தில் கையிலிருப்பதைப் பறித்துக்கொண்டு குதிப்பவர்கள் உண்டு. பறக்கும் ரயில் நிலையங்கள் பெரிது பெரிதாகக் கட்டப்பட்டு, ஆளில்லாமல் கிடப்பவை. இரவில் அங்கே இறங்குகிறவர்கள் கூட்டத்தோடு சேர்ந்து வெளியே வந்துவிடுவது நல்லது.

புதிதாக வந்தவையும் வரவேண்டியவையும்

2025 ஏப்ரல் 19 அன்று கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் முதல் ஏசி புறநகர் ரயில் ஓடத் தொடங்கியது. பெரம்பூர் ஐசிஎஃப் ரயில்பெட்டி ஆலையில் தயாரான 12 பெட்டி வண்டி, கதவுகள் தாமாக மூடிக்கொள்ளும். தொடங்கியபோது கட்டணம் குறைந்தபட்சம் 35 ரூபாய், அதிகபட்சம் 105 ரூபாய். ஐந்து ரூபாய் டிக்கெட்டோடு ஒப்பிட்டால் மலைப்பாக இருக்கும். ஆட்டோவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. நேரம் பொருந்தினால் மட்டுமே பயன், அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

பெரிய மாற்றம் தண்டவாளத்தில்தான் நடக்க வேண்டும். லோக்கல் தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம், வெளியூர் ரயில்களோடும் சரக்கு ரயில்களோடும் இடத்தைப் பங்கிட்டுக்கொள்வது. எக்ஸ்பிரஸுக்கு வழிவிட லோக்கலை நிறுத்திவைப்பார்கள். மேற்கு, வடக்குத் தடப் பயணிகளைக் கேட்டால் பேசின் பிரிட்ஜ் அருகே வண்டி நிற்கும் நிமிடங்களைப் பற்றி ஒரு புராணமே பாடுவார்கள். சென்ட்ரலுக்கு வரும் பாதைகளெல்லாம் அங்கே வந்து கூடுகின்றன. கடற்கரை–எழும்பூர் இடையே நான்காவது பாதை போட வேண்டும் என்பதற்காக, பறக்கும் ரயிலைக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை நிறுத்தியே வைத்தார்கள். ஏழு மாதத்தில் முடியும் என்று சொன்ன வேலை அதைப் போல இரு மடங்கு காலம் இழுத்தது. தாம்பரம்–செங்கல்பட்டு நான்காவது பாதைக்கு 2025இல் ஒப்புதல் கிடைத்திருக்கிறது. எழும்பூர் நிலைய மறுசீரமைப்பு நடப்பதால் சில வெளியூர் ரயில்கள் தாம்பரத்தோடு நிறுத்தப்படுகின்றன. ஊருக்குப் போகும்போது டிக்கெட்டில் புறப்படும் நிலையத்தைப் பாருங்கள்.

திட்டமிடலின் லட்சணத்துக்கு ஓர் உதாரணம் கிளாம்பாக்கம். தென்மாவட்டப் பேருந்துகளுக்கான முனையத்தை 2023 டிசம்பர் 30இல் திறந்தார்கள். பக்கத்திலேயே ரயில் பாதை போகிறது. திறந்த அன்று அங்கே இறங்க ரயில் நிலையம் இல்லை. நள்ளிரவில் மூட்டை முடிச்சோடு ஜி.எஸ்.டி. சாலையில் நின்றவர்களிடம் கேட்டால் மீதியைச் சொல்வார்கள்.

புகார் கொடுப்பது எப்படி

நம் ஊரில் ரயில் குறைகள் பெரும்பாலும் பெட்டிக்குள்ளேயே பேசித் தீர்க்கப்படுகின்றன. பேசுவது தீர்கிறது, குறை அப்படியே இருக்கிறது. எழுதிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் எண்ணோடு பதிவான குறைக்கு யாராவது ஒருவர் பதில் எழுதியாக வேண்டும். அந்த நெருக்கடியை உண்டாக்குவதே நோக்கம்.

முதலில் யாருடைய பொறுப்பு என்று பாருங்கள். பெட்டி, நடைமேடை, நடைமேம்பாலம், நகரும் படிக்கட்டு, கழிப்பறை, கவுன்ட்டர், அறிவிப்பு எல்லாம் ரயில்வே. நிலையத்துக்கு வெளியே இருக்கும் சாலை, தெருவிளக்கு, மழைநீர் தேங்குவது மாநகராட்சி அல்லது நெடுஞ்சாலைத் துறை. சுரங்கப்பாதைகளில் மட்டும் இரு தரப்பும் ஒருவரையொருவர் கைகாட்டுவது வழக்கம், அதனால் இருவருக்கும் அனுப்புங்கள். திருட்டு, சீண்டல் என்றால் ரயில்வே போலீஸ். 139 அல்லது 1512 எண்ணில் உடனே அழைக்கலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே அழைத்தால் அடுத்த நிலையத்தில் ஆள் வர வாய்ப்பு உண்டு. வீட்டுக்கு வந்து அழைத்தால் வழக்கு மட்டும்தான் பதிவாகும்.

மற்ற எல்லாக் குறைகளுக்கும் "ரயில் மதத்" தளம் அல்லது செயலி, அல்லது அதே 139. தொலைபேசியில் தமிழிலும் பேசலாம். தளத்தில் உங்கள் கைபேசி எண்ணுக்கு ஒரு கடவு எண் வரும். அதைப் பதிந்ததும் ரயிலைப் பற்றியா, நிலையத்தைப் பற்றியா என்று கேட்கும். இங்கே தவறாகத் தேர்ந்தெடுத்தால் புகார் வேறு பிரிவுக்குப் போய் அலையும். நடைமேடையில் விளக்கு எரியாததற்கு "ரயில்" என்று கொடுக்காதீர்கள். ரயில் என்றால் பிஎன்ஆர், அதாவது முன்பதிவு எண், கேட்டு மிரட்டும். லோக்கலுக்குப் பிஎன்ஆர் கிடையாது, முன்பதிவில்லா டிக்கெட்டின் எண்ணைக் கொடுக்கலாம்.

எப்படி எழுதுவது என்பதில்தான் பாதி வெற்றி. "தினமும் லேட், கேவலமான சேவை, யாருமே கண்டுகொள்வதில்லை" என்று எழுதினால், "தங்கள் கருத்து உரிய பிரிவுக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று பதில் வரும், புகார் முடித்துவைக்கப்படும். அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. அந்த வரியை வைத்துக்கொண்டு எந்த ஊழியரை எங்கே அனுப்ப முடியும்? இப்படி எழுதிப் பாருங்கள்:

"நடைமேடை 2, தெற்குப் பக்க நடைமேம்பாலம். மேலிருந்து நான்காவது படியில் கல் பெயர்ந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. இரவில் அந்த இடத்தில் விளக்கு இல்லை. திங்கள்கிழமை மாலை 7.20க்கு எடுத்த படம் இணைப்பில்."

இதற்கு "தெரிவிக்கப்பட்டது" என்று பதில் எழுதுவது கடினம். படியைச் சரிசெய்தாக வேண்டும், அல்லது செய்யவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பெட்டியைப் பற்றிய குறை என்றால் வண்டி எண்ணும் பெட்டி எண்ணும் வேண்டும். சென்னை லோக்கல் வண்டிகளின் எண் 4இல் தொடங்கும் ஐந்து இலக்கம், செயலியில் பார்க்கலாம். பெட்டி எண்ணைப் பெட்டியின் வெளிப்புறத்தில் பெயின்ட்டில் எழுதியிருப்பார்கள். இறங்கும்போது ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிகள் பணிமனைக்குப் போகும்போது எந்தப் பெட்டியில் மின்விசிறி ஓடவில்லை என்று தேடுகிறவருக்கு அந்த எண்தான் முகவரி. ஒரு புகாரில் ஒரு குறை மட்டும் இருக்கட்டும். ஐந்தைச் சேர்த்து எழுதினால், எளிதான ஒன்றைச் சரிசெய்துவிட்டு ஐந்தையும் மூடிவிடுவார்கள்.

புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். முடித்துவிட்டதாகச் செய்தி வந்ததும், திருப்தியா என்று கேட்கும். பலர் எரிச்சலில் அதை மூடிவிடுகிறார்கள். வேலை நடக்கவில்லை என்றால் அங்கே "திருப்தி இல்லை" என்று பதியுங்கள், காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள்.

இணையம் வேண்டாம் என்பவர்கள் நிலைய அதிகாரியின் அறைக்குப் போய்ப் புகார்ப் புத்தகம் கேட்கலாம். முகத்தைச் சுளித்தாலும் கொடுத்தாக வேண்டும். மரியாதையாகக் கேளுங்கள், அந்த அறையில் இருப்பவர் பெரும்பாலும் வண்டிகளை அனுப்பும் வேலையில் மூழ்கியிருப்பார், கழிப்பறைக் குத்தகை அவர் கையில் இருக்காது.

வண்டிகள் குறைவு, நேரம் மாற்ற வேண்டும், இந்த நிலையத்தில் விரைவு லோக்கல் நிற்க வேண்டும் போன்ற கோரிக்கைகளைத் தனிப்பட்ட புகாராகக் கொடுத்துப் பலன் பார்ப்பது அரிது. அவை கால அட்டவணை சார்ந்த முடிவுகள். பல புறநகர்ப் பகுதிகளில் ரயில் பயணிகள் சங்கங்கள் இருக்கின்றன, அவற்றில் சேருங்கள். கோட்ட அளவில் பயணிகள் ஆலோசனைக் குழு என்று ஒன்று கூடுகிறது. சங்கத்தின் கடிதமும் நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரையும் அங்கே எடுபடும், தனிமனிதக் குமுறல் எடுபடாது. கையெழுத்து வாங்கும்போது "கூடுதல் ரயில் வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், எந்த இரண்டு வண்டிகளுக்கு இடையே எத்தனை நிமிட இடைவெளி விழுகிறது என்பதை ஒரு வாரம் குறித்துவைத்து எழுதச் சொல்லுங்கள்.

"ரயில் மதத்" தளத்தில் திரும்பத் திரும்ப மூடப்படும் குறைகளுக்கு மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்புத் தளம் இருக்கிறது. பழைய புகார் எண்களை அதில் வரிசையாகக் குறிப்பிடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் பத்து ரூபாய், 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதில் "ஏன் சரிசெய்யவில்லை?" என்று கேட்காதீர்கள், காரணம் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை என்று தட்டிக்கழிக்கலாம். இந்த நிலையத்தின் நகரும் படிக்கட்டு கடந்த ஓராண்டில் எந்தெந்தத் தேதிகளில் இயங்கவில்லை, பராமரிப்பு ஒப்பந்தம் யாரிடம், பழுதான நாட்களுக்கு அவர்களிடம் பிடித்தம் செய்த தொகை எவ்வளவு, பதிவேட்டின் நகல் தேவை என்று கேளுங்கள். சில இடங்களில் இப்படி மனு போய்ச் சேர்ந்ததுமே, பதில் வருவதற்கு முன்பே, படிக்கட்டு ஓடத் தொடங்கிவிடும்.